கட்டுக்கரை: ஒரு குளமும் அதைச் சுற்றி வளர்ந்த ஊர்களும்

மன்னார் என்று சொன்னா நமக்கு உடனே என்ன ஞாபகம் வரும்? கோட்டை, பெருக்கமரம், முத்துக்குளிப்பு, தலைமன்னார் இறங்குதுறை. எல்லாமே தீவும் கடலும்தான். ஆனால் பாலத்தைத் தாண்டி மதவாச்சி வீதியால் உயிலங்குளம், முருங்கன் பக்கம் வந்தால் வேறொரு மன்னார் இருக்கு. அது வயல் மன்னார். அதைச் சோறு போட்டு வளர்த்தது கட்டுக்கரைக்குளம்.

இந்தக் குளத்துக்கு அருவியாற்றுத் தண்ணீர்தான் வருகிறது. அநுராதபுரத்தைத் தாண்டி வரும் ஆற்றைத் தேக்கம் என்ற இடத்தில் அணைக்கட்டால் மறித்து, கால்வாய் வழியாகக் குளத்துக்குத் திருப்புகிறார்கள். பிரிட்டிஷ் காலத்தில் இலங்கை பற்றி எழுதிய எமர்சன் டெனன்ட், 1859இல் வந்த தன் நூலில், பழைய கால்வாயின் மட்டமே பிழை என்று எழுதினார். அதாவது, கட்டினவருக்குக் கணக்குத் தெரியவில்லையாம்! ஆனால் அதே நூற்றாண்டு முடிவதற்குள் குளத்தைத் திருத்தினார்கள். அதே ஆற்றுத் தண்ணீர் குளத்துக்கு வந்து சேர்ந்தது.

தண்ணீர் வந்த பிறகுதான் முருங்கன், நானாட்டான், அடம்பன் எல்லாம் இன்று நாம் பார்க்கும் நெல்லூர்களாக வளர்ந்தன. 1914இல் தலைமன்னார் ரயில் பாதை இந்தப் பக்கத்தால் போனது. முருங்கன் களிமண் காங்கேசன்துறை சீமெந்து ஆலைக்குப் போனது. 1954இல் குளம் பறவைகள் சரணாலயமானது.

"இந்தக் குளத்தை யார் கட்டினது?" என்று கேட்டால் சண்டை வரும். 5ஆம் நூற்றாண்டின் தாதுசேனன் என்பார்கள். அவனுக்கு முந்தியே இங்கே ஊர் இருந்தது எண்டு எங்கட ஆட்கள் சொல்லுவினம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் குளத்தோரம் அகழ்ந்து சுடுமண் உருவங்களை எடுத்தபோது அந்த வாதம் இன்னும் சூடானது. அந்தக் கேள்வி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் கேட்டால் இன்னொரு கேள்வி விடுபடுகிறது: இந்தத் தண்ணீரில் வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள்?

1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார் முஸ்லிம்களும் வீடு, வயல், கடல் எல்லாவற்றையும் விட்டுப் போனார்கள். 2008இல் போர் மடுவையும் அடம்பனையும் தாண்டியபோது தமிழ்க் குடும்பங்கள் வன்னிக்குள் ஓடின. மிஞ்சியவர்கள் 2009இல் முகாம்களில் நின்றார்கள். செய்திகளில் இந்தப் பகுதிக்கு 'மன்னாரின் நெற்களஞ்சியம்' என்று பெயர். களஞ்சியத்தைப் பிடித்த கதை வந்தது. விதைத்தவரின் கதை வரவில்லை.

பிறகு மக்கள் திரும்பினார்கள். எல்லாரும் இல்லை. 2015இல் ரயிலும் தலைமன்னாருக்குத் திரும்பி வந்தது. இன்று காலபோகம், சிறுபோகம், யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்ற பேச்சு மறுபடி நடக்கிறது. குளத்தில் தண்ணீர் குறைந்தால் சிறுபோகத்தில் எல்லா வயலும் விதைக்க முடியாது. அப்போது பக்கத்து ஊர்க்காரனோடு உட்கார்ந்து பங்கு பேசத்தான் வேணும்.

எங்களுக்கு இந்தக் குளத்தின் வரலாறு அந்தப் பங்குப் பேச்சில்தான் இருக்கு. கட்டியது எந்த அரசன் என்பதைப் புத்தகம் எழுதட்டும். அந்தப் பேச்சில் போனவர்களுக்கும் திரும்பியவர்களுக்கும் இடம் இருக்கா என்பதை நாங்கள்தான் கேட்க வேண்டும். அடுத்தமுறை மன்னார் போனால் கோட்டையோடு திரும்பிடாதீங்கோ. குளக்கட்டில் ஏறி ஒருக்கா நின்று பாருங்கோ.