ஆகாசராஜனின் ராஜதானி

ஐரோப்பாவின் ராஜதானிகளுக்குப் பிரயாணம் செய்து திரும்புகிறவர்கள், அரண்மனைகளையும் பொருட்காட்சிச் சாலைகளையும் பற்றிச் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லித் தீர்த்த பிறகு, உள்ளம் நெகிழ்ந்து பேசுவது லண்டனில் ஹைட் பார்க்கின் புல்தரையில் வேலையின்றி உட்கார்ந்திருந்த ஒரு மாலையைப் பற்றியோ, வியன்னாவில் ஒரு கோப்பைக் காபியை எதிரே வைத்துக்கொண்டு யாரும் எழுந்திருக்கச் சொல்லாமல் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலைப் பற்றியோதான். அந்த ஹைட் பார்க்கை 1536-ல் எட்டாம் ஹென்றி மன்னன் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தாரிடமிருந்து எடுத்துத் தன் வேட்டைக்காடாக வைத்துக்கொண்டான். நூறு வருஷங்கள் கழித்து, 1637-ல், முதலாம் சார்லஸ் காலத்திலேதான் அதற்குள் பொதுஜனங்கள் கால்வைக்க முடிந்தது. வியன்னாவின் பிராட்டர் வனமும் சக்கரவர்த்திகள் மான் வேட்டையாடிய இடமே. இரண்டாம் ஜோசப் 1766-ல் அதை ஊராருக்குத் திறந்துவிட்டு, காபி விற்பவர்கள் கடை போடவும் அனுமதித்தார். மன்னன் வேட்டையாடிய வனத்தில் குடிமக்கள் உலாவப் பெறுவது ஒரு நகரத்தின் சரித்திரத்தில் சிறிய சம்பவம் அன்று. நம் பக்கத்திலும் வேட்டையையும் நந்தவனத்தையும் சேர்த்து நினைக்கவைக்கும் ஒரு பழைய ராஜதானி உண்டு. புத்தூருக்கு அருகே, திருப்பதியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள், அருணா நதி என்று ஸ்தல புராணம் சொல்லும் ஆரணி ஆற்றின் கரையில் இருக்கும் நாராயணவனமே அது.

ஆகாசராஜன் இங்கே இருந்து அரசு புரிந்தான் என்பது புராணம். யாகத்துக்காகப் பொன் ஏரால் நிலத்தை உழுதபோது தாமரை மலரில் ஒரு பெண் குழந்தை கிடைக்க, அவனும் தரணீதேவியும் அக்குழந்தைக்குப் பத்மாவதி என்று பெயரிட்டு வளர்த்தார்கள். இவ்வளவு பிரஸித்தி பெற்ற ஒரு ராஜ்யத்தின் கதையில் ராஜ்ய விவகாரம் எத்தனை குறைவு என்பதைக் கவனிக்கவேண்டும். ஆகாசராஜன் காலமான பின் அவன் தம்பி தொண்டமானுக்கும் மகன் வசுதானனுக்கும் யுத்தம் மூண்டதும், பத்மாவதியை மணந்த சீனிவாசப் பெருமாளே தலையிட்டு ராஜ்யத்தைப் பங்கிட்டு வைத்ததும் வேங்கடாசல மாகாத்மியத்தில் உண்டென்றாலும், கதை கேட்கும் ஜனங்களில் எத்தனை பேர் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள்? அவர்கள் நெஞ்சில் நிற்பது, தோழிமாரோடு நந்தவனத்தில் பூப்பறித்து விளையாடிக்கொண்டிருந்த அரசகுமாரியும், யானையைத் துரத்திக்கொண்டு குதிரைமேல் வந்த வேடனும், அந்நிய புருஷன் என்று தோழிகள் கல்லெறிய அவன் குதிரையை இழந்து நடந்தே மலையேறிய சிரமமுமே. அதன் பிறகு வருவது குறி சொல்லும் பெண். முறமும் கூடையுமாக ராஜவீதியில் கூவிக்கொண்டு வரும் அவளை ராணியே உள்ளே அழைத்து உட்காரவைத்து, பெண்ணின் கையைக் காட்டிப் பலன் கேட்கிறாள். அந்த வேஷத்தில் வந்தவன் சீனிவாசனே என்பது தெய்வ ரகசியம். ஆனால் தெருவில் போகிற குறிக்காரியை அந்தப்புரம் வரையில் கூப்பிட்டுப் பேசும் சௌஜன்யம் அந்த ராஜதானியின் அன்றாட வழக்கம். குபேரனிடம் வாங்கிய கல்யாணக் கடனும், வைகாசி மாதம் சுக்லபக்ஷ தசமியில் குறித்த முகூர்த்தமும், மலைத் தீர்த்தங்களையே பாத்திரங்களாகக் கொண்டு நடந்த சமையலும் நம் ஒவ்வொரு குடும்பத்துக் கல்யாணத்திலும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பவை. ராஜதானி என்றாலே படையும் பேரிகையும் நினைவுக்கு வருகிற மனசுக்கு, பூக்கூடையையும் முறத்தையும் அடுப்பையும் கொண்டே ஒரு ராஜதானியைச் சித்திரித்துக் காட்டிய கதாசிரியர்கள், வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தவர்கள் என்றே நான் நம்புகிறேன்.

ஊரில் ஆகாசராஜனின் அரண்மனை எது என்று விசாரித்தால், காட்டுவதற்குக் கட்டடம் எதுவும் இல்லை. கல்யாண வேங்கடேசுவர சுவாமி கோயிலில், பத்மாவதித் தாயார் சந்நிதிக்கு எதிரில், ஒரு பெரிய திரிகைக் கல்லைக் காட்டுகிறார்கள். கல்யாணத்துக்கு வேண்டிய மாவு இதில்தான் அரைபட்டது என்பது ஐதிகம். மூலவர் இங்கே வேட்டைக்குப் புறப்பட்ட கோலத்தில், தசாவதார உருவங்கள் பொறித்த இடைக்கச்சையும் உடைவாளுமாக நிற்கிறார். வேட்டைக்காரனின் வாளும் சமையற்கட்டின் திரிகையும் ஒரே பிராகாரத்துக்குள் பூஜிக்கப்படும் இடம் வேறு எனக்குத் தெரிந்து இல்லை. கேழ்வரகுக் களி உண்டு வளர்ந்த இந்தச் சீமையின் பெண்களுக்குத் திரிகை என்பது தினந்தோறும் விடியற்காலையில் தோள் வலிக்கச் சுற்றிய கல். அதே கல்லுக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு வணங்கும்போது, தங்கள் உழைப்புக்கும் ஒரு சந்நிதி கிடைத்ததாக அவர்களுக்குத் தோன்றியிருக்காதா? கல்யாணத்துக்கு முன் பத்மாவதி வழிபட்டதாகச் சொல்லும் அவனாக்ஷம்மன் கோயிலும், பராசரேசுவரர், அகஸ்தீசுவரர் ஆலயங்களும் சுற்றுப்புறத்தில் இருக்கின்றன.

புராணத்தை விட்டு சரித்திரத்துக்கு வந்தால், காளஹஸ்தியும் திருப்பதியும் அடங்கிய இந்தப் பிரதேசத்தைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஆண்டவர்கள் யாதவராயர்கள். அவர்களுக்குப் பின் விஜயநகரம். தம் தாயார் நாகலாதேவியின் பெயரால் கிருஷ்ணதேவராயர் ஏற்படுத்திய நாகலாபுரம், இங்கிருந்து ஊத்துக்கோட்டை போகும் சாலையிலேயே இருக்கிறது. பிறகு கார்வேட்டிநகரத்துப் பாளையக்காரர்கள்; கம்பெனி அரசாங்கம் அவர்களை 1802-ல் ஜமீன்தார்கள் ஆக்கியது. கார்வேட்டிநகரத்து வேணுகோபாலன்மேல் சாரங்கபாணி தெலுங்கில் பாடிய பதங்கள், வீட்டிலும் வீதியிலும் பேசுகிற பேச்சாலேயே ஆனவை என்பதையும் இங்கே நினைக்கலாம். நாராயணவனத்துக் கோயில் 1967-ல் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகத்துக்கு வந்தது.

அரசர்கள் போன பிறகு ஊரைத் தாங்கியது தறி. நகரி, புத்தூர், நாராயணவனம் என்று இந்த வட்டாரம் முழுவதும் நெசவு பரவியிருக்கிறது. இப்போது விசைத்தறியின் தடதடப்பே அதிகம் என்றாலும், கைத்தறி நடந்த நாளில் நெசவாளர் தெரு எப்படி இருக்கும் என்பதை அறிந்தவர்கள் அறிவார்கள். வெயில் ஏறுமுன் தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை விரித்து, கஞ்சி தோய்த்து, இரு பக்கமும் நின்று ஆற்றுவார்கள். அது ஒரு குடும்பம் தனியே செய்து முடிக்கக்கூடிய வேலை அன்று. ஆகையால் தெருவே கூடும், கூடினால் பேச்சு வரும், ஊர் வம்பும் உலக விசாரமும் அங்கே நூலோடு நூலாக ஓடும். வியன்னாக்காரர்கள் காபி மேஜையைச் சுற்றிப் பெற்ற ஆனந்தத்தை இந்தத் தெருக்காரர்கள் நின்றபடியே, கையில் வேலையோடு பெற்றார்கள். இதை நான் ஒப்பிட்டுப் பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. கூலி குறைவு, உழைப்பு மிகுதி, நூல் விலை ஏறினால் அடுப்பு அணைந்துவிடும் என்ற நிலையிலும் அந்தப் பேச்சும் சிரிப்பும் இருந்தன என்பதற்காகச் சொல்கிறேன்.

1902-ல் சமாதி அடைந்த சுரைக்காய் சுவாமிகளையும் ஊரார் வாஞ்சையோடேதான் நினைக்கிறார்கள். காவடித் தண்டில் சுரைக்காய்க் குடுக்கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு நாய்கள் கூட வர, கிடைத்த உணவை அவற்றோடு பகிர்ந்து உண்டு திரிந்த அந்தச் சித்தருக்குச் சென்னையிலும் பக்தர்கள் ஏராளம். ராஜதானியாக இருந்த ஊரில் கடைசியாகப் பெயர் பெற்றவர், குடுக்கையைத் தவிர வேறு சொத்து இல்லாத ஒருவர்.

நகரி மலைத்தொடரின் மடியில், ஊருக்கு எட்டும் தூரத்தில், கைலாசகோனை என்னும் அருவி இருக்கிறது. கோடையிலும் நீர் வற்றாமல் பாறையிலிருந்து விழும். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து கூட்டம் வந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, கட்டுச்சோற்றை மரநிழலில் பிரித்து உண்டு, குழந்தைகளைத் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு திரும்புகிறது. ஆரணி ஆறு அப்படி இல்லை. மழைக்காலத்தில் மட்டும் பெருக்கெடுத்து, பிச்சாட்டூர், சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை வழியாகப் பழவேற்காட்டுப் பக்கம் கடலைச் சேர்கிறது. ஆந்திரத்தில் பிறந்து தமிழ்நாட்டில் முடியும் அந்த ஆற்றுக்குத் தெரியாத எல்லையை மனிதர்கள் வெகு பாடுபட்டு வகுத்தார்கள். 1911-ல் வடஆற்காட்டிலிருந்து பிரித்துச் சித்தூர் ஜில்லா அமைக்கப்பட்டது, 1953-ல் ஆந்திர ராஜ்யம் உண்டானபோது ஜில்லா அதனோடு சென்றது, ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடவெல்லைப் போராட்டத்தின் பலனாக 1960 ஏப்ரல் முதல் தேதியன்று திருத்தணி திரும்ப வந்தது. புத்தூரும் நாராயணவனமும் அந்தப் பக்கமே நின்றன. 2022-ல் திருப்பதி தனி ஜில்லா ஆனபோது நாராயணவனம் அதில் சேர்ந்தது. இத்தனை மாறுதலுக்குப் பிறகும் இந்தப் பக்கத்துக் கடைவீதிகளில் தெலுங்கில் விலை கேட்டுத் தமிழில் பேரம் பேசி முடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

திருமலையில் ஆண்டுதோறும் வைகாசியில் பத்மாவதி பரிணயோத்ஸவம் நடத்தும்போது, நாராயணகிரி உத்தியானவனத்தையே நாராயணவனமாகப் பாவித்து மலர்ப்பந்தல் இட்டு அலங்கரிக்கிறார்கள். அந்த வைபவத்தைத் தரிசிக்கும் லட்சோபலட்சம் ஜனங்களில் மூல ஊரை எட்டிப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. பார்க்க வருகிறவர்களும் கோயிலில் அரைமணி நேரம் நின்று, திரிகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். கல்வெட்டுகளைப் படியெடுக்க ஆட்கள் வந்தார்கள், எல்லை வகுக்கவும் ஆட்கள் வந்தார்கள். மாவரைக்கும்போது பெண்கள் பாடிய பாட்டுகளை, தெலுங்கிலானாலும் தமிழிலானாலும், பாவாற்றும் வேளையில் ஆண்கள் பேசிய கதைகளோடு சேர்த்து எழுதிவைக்க ஒருவர் முன்வரவேண்டும். திரிகையைக் கையால் சுற்றியறிந்த கிழவிகள் வரவரக் குறைந்துகொண்டே போகிறார்கள்.