தட்சிண கங்கோத்ரி பிறந்த கதை

திருவனந்தபுரத்துக்காரர்களுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் தங்கும் ஈரம்; அதற்கு மேல் இல்லை. பூமத்திய ரேகைக்கு எட்டரை டிகிரி வடக்கே உள்ள ஊர் அது. ஆனால் அண்டார்க்டிகாவில் இந்தியாவின் முதல் நிரந்தர ஆய்வு நிலையத்தைக் கட்டி முடித்த குழுவின் தலைவர், அந்த ஊரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்தான். பெயர் ஹர்ஷ் கே. குப்தா. 1978இல் தொடங்கப்பட்ட புவி அறிவியல் ஆய்வு மையத்தின் அன்றைய இயக்குநர். நிலநடுக்கம் அவருடைய துறை. அணையில் தேங்கும் நீர் பூமியை எப்படி அசைக்கிறது என்று கொய்னா அணையை வைத்து ஆராய்ந்து பெயர் வாங்கியவர்.

அவருக்கு முன்னால் இரண்டு இந்தியக் குழுக்கள் அண்டார்க்டிகா போய் வந்திருந்தன. முதல் குழுவில் 21 பேர். கடல் உயிரியலாளர் எஸ். இஸட். காசிம் தலைமையில், நார்வேயிலிருந்து வாடகைக்கு எடுத்த போலார் சர்க்கிள் கப்பலில் கோவாவிலிருந்து புறப்பட்டு, 1982 ஜனவரி 9 அன்று பனியில் கால் வைத்தார்கள். அடுத்த குழுவுக்கு, இமயமலைப் பனியாறுகளை அளந்து பழகிய வி. கே. ரெய்னா தலைவர். இரண்டு குழுக்களும் கோடையில் போய்க் கோடையிலேயே திரும்பின. 1983 ஆகஸ்டில் இந்தியா அண்டார்க்டிக் உடன்படிக்கையில் சேர்ந்தது. அடுத்த மாதமே முடிவெடுக்கும் உரிமையுள்ள நாடுகளின் வரிசையில் இடமும் கிடைத்தது. இடம் கிடைத்தாயிற்று, ஆனால் குளிர்காலத்தில் அங்கே என்ன நடக்கிறது என்று சொல்ல நம்மிடம் ஆளில்லை. ஆண்டு முழுவதும் காற்றையும் பனியையும் அளக்காதவரை கணக்கு பாதிக் கணக்குத்தான்.

1983 டிசம்பர் 3 அன்று மூன்றாவது குழு கோவாவிலிருந்து ஃபின்போலாரிஸ் கப்பலில் கிளம்பியது. 81 பேர். விஞ்ஞானிகளோடு ராணுவப் பொறியாளர்கள், விமானிகள். பாறைகளை ஆராய சுதீப்தா சென்குப்தா, கடலின் உணவுச் சங்கிலியை ஆராய அதிதி பந்த். அண்டார்க்டிகாவுக்குப் போன முதல் இந்தியப் பெண் விஞ்ஞானிகள் இவர்கள் இருவரும். தென்துருவக் கோடை முடிந்து கடல் மறுபடி உறைவதற்குள் கட்டி முடித்துவிட வேண்டும். கையில் இருந்தது சுமார் இரண்டு மாதம்.

எங்கே கட்டுவது? உள்ளே 80 கிலோமீட்டருக்கு மேல் போனால் ஷிர்மாக்கர் பாறைக்குன்றுகள், நிலம் கெட்டி. ஆனால் கப்பல் நிற்பது பனியின் விளிம்பில். அத்தனை மரப்பலகையையும் ஜெனரேட்டரையும் எண்ணெயையும் அங்கே கொண்டு சேர்த்துக் கட்ட ஒரு கோடை போதாது. ஆகவே கப்பலுக்குக் கிட்டே, மிதக்கும் பனித்தட்டின் மேலேயே கட்டினார்கள். கண்டத்திலிருந்து வழிந்து வரும் பனி, கடலில் இறங்கியும் உடையாமல் மிதந்து நிற்கும் தட்டு அது. ஆயத்தமாக வெட்டிக் கொண்டுபோன மரப்பகுதிகளை ராணுவப் பொறியாளர்கள் பொருத்தினார்கள். ஒரே கோடையில் நிலையம் எழுந்தது. தட்சிண கங்கோத்ரி என்று பெயர். கப்பல் திரும்பியபோது 12 பேர் அங்கேயே தங்கினார்கள். சூரியனே எழாத சுமார் இரண்டு மாதங்கள் உட்பட ஓர் ஆண்டை அங்கே கழித்த முதல் இந்தியக் குழு அது.

வீடு என்றால் முகவரி வேண்டுமே! 1984 பிப்ரவரி 24 அன்று அங்கே ஒரு தபால் நிலையமும் பிறந்தது. முதல் ஆண்டிலேயே கிட்டத்தட்ட 10,000 கடிதங்களில் அதன் முத்திரை விழுந்தது. தபால்தலை சேகரிப்பவர்களுக்கு அந்த முத்திரை ஒரு பொக்கிஷம். பின்னர் 1988இல் அது கோவா அஞ்சல் பிரிவோடு முறைப்படி சேர்ந்தது.

ஆனால் மிதக்கும் பனியில் வீடு கட்டினால் பனி சும்மா விடுமா? அங்கே விழும் பனி உருகுவதில்லை. இந்த ஆண்டுப் பனிமேல் அடுத்த ஆண்டுப் பனி ஏறி உட்காரும். அடியில் இருப்பது நசுங்கி இறுகும். காற்று சுமந்து வரும் பனித்தூள், சுவரில் மோதி வேகம் குறைந்ததும் மறைவுப் பக்கத்தில் கொட்டிவிடும். திருவனந்தபுரத்துச் சங்குமுகம் கடற்கரையில் படகின் மறைவில் மணல் குவிவது போலத்தான். வெட்டி எடுத்தாலும் அடுத்த புயலில் குவியல் திரும்பி வந்துவிடும். போதாததற்கு, உள்ளே எரியும் அடுப்பின் சூடு கசிந்தால் தரையடிப் பனி இளகும். கட்டடம் ஒரு பக்கமாக இறங்கும்.

இது நம்மவர்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பிரிட்டிஷார் 1956 முதல் ஹாலி என்ற பெயரில் பனித்தட்டின் மேல் கட்டிய முதல் நான்கு நிலையங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பனிக்கடியில் போயின. ஐந்தாவதை உயர்த்தக்கூடிய எஃகுக் கால்களில் நிறுத்தினார்கள். ஆறாவதற்குச் சறுக்குப் பலகையே மாட்டிவிட்டார்கள். தேவைப்பட்டால் இழுத்துப் போகலாம்.

தட்சிண கங்கோத்ரி பாதி புதைந்த நிலையில் 1990இல் கைவிடப்பட்டது. அதற்குள் மாற்றுவீடு தயாராகிவிட்டது. 1989இல் மைத்ரி பிறந்தபோது அதற்கு ஷிர்மாக்கர் பாறைத்தரையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 2012இல் வந்த பாரதி நிலையமும் லார்ஸ்மன் குன்றுகளில், பாறை மேல்தான் நிற்கிறது. இன்றுவரை நாம் மறுபடி மிதக்கும் பனியில் நிலையம் கட்டவில்லை.

புதைந்த நிலையத்தின் பெயர் மட்டும் ஷிர்மாக்கர் பக்கத்தில் இறங்கும் ஒரு பனியாற்றின் மேல் நிலைத்துவிட்டது. அந்தப் பனியாற்றின் நுனி எங்கே நிற்கிறது என்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1983 முதல் அளந்துவருகிறது. நுனி மெல்லப் பின்வாங்குகிறது. ஆண்டுக்கு ஒரு மீட்டரைக்கூட எட்டாத அந்த அசைவைப் பிடிக்க, அதே இடத்தில் ஆண்டுதோறும் போய் அளப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. 2005இல் அந்தப் பகுதி உடன்படிக்கையின் சிறப்புப் பாதுகாப்புக்குள் வந்தது. முதல் வீட்டின் ஆயுள் ஏழு ஆண்டைத் தாண்டவில்லை. அதே காலத்தில் தொடங்கிய அளவீடு நாற்பது ஆண்டைத் தாண்டிவிட்டது. பனியியலில் சொத்து என்று சொன்னால் இப்படிப்பட்ட நீண்ட கணக்கைத்தான் சொல்வார்கள்.