பதின்ம வயதினரும் பாய்மரப் படகும்

விழுப்புரம் மாவட்டத்தில் கெடார் உள்நாட்டு ஊர். மரக்காணம் கடலோர ஊர். கடலோர மீனவக் குடும்பங்களில் தந்தையுடன் கட்டுமரத்தில் சென்ற சிறுவன் வெறும் பயணி அல்லன். துடுப்பும் வலையும் அவனுக்கும் உரியவை. பொழுதுபோக்குப் படகுகளில் அப்படியில்லை. பெரியவர்கள் சுக்கானைப் பிடிக்க, பிள்ளைகள் சும்மா அமர்ந்து சலிப்படைந்தனர்.

இக்குறையைத் தீர்த்தவற்றுள் முதன்மையானது ‘ஆப்டிமிஸ்ட்’ படகு. அமெரிக்காவின் கிளியர்வாட்டர் நகரில் கிளார்க் மில்ஸ் இதனை 1947-இல் வடிவமைத்தார். ஒட்டுப்பலகையில் குறைந்த செலவில் கட்டும்படி அமைந்த இதன் நீளம் ஏறத்தாழ 2.3 மீட்டர். ஒரே பாய், செலுத்துபவரும் ஒருவரே. 15 வயது வரை இதில் போட்டியிடலாம். அதன்பின் உடல் வளர்ச்சிக்கேற்ப ‘லேசர்’ போன்ற பெரிய படகுக்கு மாறுவர்.

சென்னைத் துறைமுகத்தில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-இல் பிரான்சிஸ் ஸ்பிரிங் முயற்சியால் தோன்றியது. பள்ளிப் பருவத்தில் கோடை முகாமொன்றில் படகோட்டம் பழகிய சென்னையின் நேத்ரா குமணன், 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் ‘லேசர் ரேடியல்’ பிரிவுக்குத் தகுதி பெற்றார். பாய்மரப் படகோட்டத்தில் இத்தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் இவரே.

குடும்பப் படகிலும் இம்முறை பொருந்தும். மெத்தையும் நிழலும் உடலுக்கு வசதி தரும். சுக்கானைக் கையில் கொடுத்தால்தான் பிள்ளைகள் மறுமுறையும் விரும்பி வருவர்.