ஆள் இல்லாத அழகு: ஸ்காட்லாந்தின் வடகடற்கரைச் சாலை

ஸ்காட்லாந்தின் வட முனையைச் சுற்றி வரும் சாலை ஒன்று உண்டு. 'நார்த் கோஸ்ட் 500' என்று பெயர். இன்வெர்னஸ் நகரில் கிளம்பி, கிழக்குக் கரையோரமாக வடக்கே ஏறி, அட்லாண்டிக் பக்கமாக இறங்கி, மறுபடி இன்வெர்னஸுக்கே வந்து சேரும். மொத்தம் 516 மைல், அதாவது சுமார் 830 கிலோமீட்டர். இந்தப் பெயர் 2015-ல் சுற்றுலாவுக்காக வைத்தது. சாலைகள் பழையவை. பல இடங்களில் ஒரே ஒரு வண்டி போகிற அகலம்தான். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க அங்கங்கே கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள்.

படங்களைப் பார்த்தால் மனிதக் காலடியே படாத பூமி போலத் தோன்றும். மலை, கடல், வெறும் புல்வெளி, ஆடுகள்... ஆனால் 200 வருடங்களுக்கு முன்னால் இங்கே பள்ளத்தாக்குகள் முழுக்க ஊர்கள் இருந்தன. கேலிக் மொழி பேசிய அந்த மக்கள் எங்கே போனார்கள்?

போகிற வழியில் முதலில் வருவது கோல்ஸ்பி. ஊருக்கு மேலே மலை உச்சியில் ஒரு பிரம்மாண்டமான சிலை. முதலாம் சதர்லாண்ட் டியூக்குக்கு, 1833-ல் அவர் இறந்த பிறகு எழுப்பியது. அவருடைய மனைவி எலிசபெத் சீமாட்டிக்குத்தான் இந்த வட்டாரமே பரம்பரைச் சொத்து. குடியானவர்கள் தரும் வாரத்தைவிட ஆட்டுப் பண்ணைக்காரர்கள் தரும் குத்தகை அதிகம். கம்பளிக்கு அப்போது நல்ல விலை. அவ்வளவுதான் கணக்கு! உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளைக் காலி செய்து மக்களைக் கடலோரத்துக்கு அனுப்பினார்கள்.

இதில் மிகக் கொடுமையாகப் பேசப்படுவது ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கு. 1814-ல் எஸ்டேட்டின் அதிகாரி பேட்ரிக் செல்லர் ஆட்களோடு வந்தார். (அந்த நிலத்தையே ஆட்டுப் பண்ணையாகக் குத்தகைக்கு எடுத்திருந்தவரும் இவரேதான்!) போனவர்கள் திரும்பி வரக்கூடாது என்று கூரை மரங்களுக்குத் தீ வைத்தார்கள். மரம் கிடைப்பதே அரிதான ஊரில் கூரை மரம் போனால் வீடே போன மாதிரி. நூறு வயதை நெருங்கிய மார்கரெட் மக்கே என்ற மூதாட்டியைத் தீப்பிடித்த வீட்டிலிருந்து தூக்கி வந்தார்கள். சில நாட்களில் இறந்துபோனார். 1816-ல் செல்லர் மீது வழக்கு நடந்தது. ஜூரியில் பெரும்பாலோர் நிலச்சுவான்தார்கள். விடுதலை! 1819-ல் மறுபடியும் எரித்தார்கள். ஒரே இரவில் 250 வீடுகள் எரிவதை எண்ணியதாக டொனால்ட் மக்லியோட் என்ற கல்தச்சர் பின்னாளில் எழுதினார்.

அந்தப் பள்ளத்தாக்கு கடலைச் சேரும் இடத்தில், வடகரையில், பெட்டிஹில் என்ற ஊர் இருக்கிறது. துரத்தப்பட்டவர்களில் பலருக்கு அங்கேதான் துண்டு நிலம் கிடைத்தது. 'பெட்டி' என்பது எலிசபெத்தின் செல்லப் பெயர். விரட்டிய சீமாட்டியின் பெயரிலேயே ஊர்!

கடலோர நிலத்தை வேண்டுமென்றே சிறிதாக அளந்து கொடுத்தார்கள். விளைச்சல் போதாவிட்டால் மீன்பிடிக்கப் போவார்கள் என்பது எஸ்டேட்டின் திட்டம். ஆடு மாடு மேய்த்தவர்களுக்குப் படகு எப்படித் தெரியும்? கிழக்குக் கரையில் பேட்பே என்ற இடத்தில் செங்குத்துப் பாறை விளிம்பில் குடிவைத்தார்கள். காற்று தூக்கிப் போய்விடாமல் இருக்கக் குழந்தைகளைக் கயிற்றால் கட்டி வைப்பார்களாம். இன்று அங்கே இடிந்த சுவர்களும் ஒரு நினைவுத்தூணும் மட்டும்தான்.

துண்டு நிலத்தில் வயிற்றை நிரப்பியது உருளைக்கிழங்கு ஒன்றே. 1846-ல் அதுவும் நோய் கண்டு அழுகியது. மேற்குக் கரையில் பிரேமோரிலிருந்து டன்டொனல் போகும் ஏ 832 சாலை அந்தப் பஞ்சத்தில் போட்டது. நாள் முழுக்கக் கல் உடைத்தால் கூலி ஒரு ராத்தல் மாவு. பணம் கிடையாது. சும்மா கொடுத்தால் மக்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று நம்பியவர்களில் ஒருவர் லண்டன் கருவூல அதிகாரி சார்லஸ் ட்ரெவல்யன். இவர்தான் 1859-ல் சென்னை மாகாண கவர்னராக வந்தவர். 1877-ல் இங்கே பஞ்சம் வந்தபோது ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலியிலும் அதே ஒரு ராத்தல் தானியம்தான், கூட ஓர் அணா. பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை அந்தப் பஞ்ச நிவாரண வேலையில்தான் வெட்டினார்கள்.

குத்தகைக்காரர்களை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது என்ற சட்டம் 1886-ல் வந்தது. நிலம் கைக்கு வர இன்னும் நூறு வருடம் ஆனது. இதே சாலையில் லாக்கின்வர் அருகே, அசின்ட் வட்டாரத்தின் சிறு விவசாயிகள் 1993-ல் பணம் திரட்டி, விலைக்கு வந்த சுமார் 21,000 ஏக்கர் எஸ்டேட்டைத் தாங்களே வாங்கினார்கள்.

டன்டொனல் சாலைக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் மாறவில்லை. இன்றைக்கும் அது 'டெஸ்டிட்யூஷன் ரோடு', பட்டினிச் சாலை.