பணியிட உடையும் தோற்ற விதிகளும்

வேலை நேரத்தில் ஊழியர் எதை உடுத்தலாம், முடி, மீசை, தாடி, நகம், அணிகலன் எப்படி இருக்க வேண்டும் என்று வேலை தருபவரோ அரசோ வகுக்கும் ஒழுங்கு. சீருடை இதில் ஒரு வகை மட்டுமே. தமிழகத்தில் இந்த ஒழுங்கின் வரலாற்றைப் பார்த்தால், பெரும்பாலும் ‘இதைப் போட்டுக்கொள்’ என்ற ஆணைக்கு முணுமுணுத்துக்கொண்டே பணிந்தவர்கள், ‘இதைக் களைந்துவிடு’ என்ற ஆணையை அவ்வளவு எளிதில் ஏற்கவில்லை என்பது தெரியும்.

தொழிலை உடையில் காட்டும் வழக்கம் பழையது. சங்க நூலான முல்லைப்பாட்டு, அரசனின் பாசறையைக் காக்கும் யவனர் ‘மெய்ப்பை’, அதாவது சட்டை, அணிந்திருந்ததைக் குறிக்கிறது. அயலாரின் வேலையுடை என்பதால்தான் அது புலவர் கண்ணில் பட்டது போலும். அதற்கு மாறாக, புதுக்கோட்டை மாவட்டத்துக் குன்றாண்டார்கோவிலில், பாறையைக் குடைந்தெடுத்த சிவன் கோயிலின் வாயிற்காவலர் சிற்பங்களுக்குச் சட்டை கிடையாது.

எழுதி வைத்த விதியால் பெரிய இரத்தக்களரி நேர்ந்தது வேலூரில். சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக் காலத்தில், 1805 நவம்பரில், சிப்பாய்களுக்குப் புதிய உடை ஆணை பிறந்தது. அணிவகுப்பில் நிற்கும்போது நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவில் திருத்த வேண்டும். தலைக்குத் தோல் குஞ்சம் வைத்த புதுவகைத் தலைப்பாகை. அது தொப்பி போலவே இருந்தது. தோல் எந்த விலங்கினுடையது என்ற ஐயம் இந்துவுக்கும் இருந்தது, முஸ்லிமுக்கும் இருந்தது. தொப்பி மாட்டி மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்ற அச்சம் பரவியது. 1806 மே மாதம் சிலர் அதை அணிய மறுத்தனர். இருவருக்கு, ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம், ஆளுக்கு 900 கசையடி. ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் கிளர்ச்சி வெடித்தது. ஆங்கிலேயர் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து அன்றே அடக்கியது. அதில் இறந்த சிப்பாய்கள் இன்னும் பலர். கோட்டையில் சிறையிருந்த திப்புவின் பிள்ளைகளுக்கும் இதில் பங்குண்டு என்று வாதிட்டோர் உண்டு. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி ஆணையைத் திரும்பப் பெற்றதையும், கிரடாக்கையும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கையும் திருப்பி அழைத்துக்கொண்டதையும் பார்த்தால், தவறு எங்கே என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது.

விடுதலைக்குப் பின் வந்த விதிகளில் சில, காரணம் கேட்கத் தேவையில்லாதவை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஓடும் இயந்திரத்தின் அருகே வேலை செய்பவர் உடலை ஒட்டிய உடை அணிய வேண்டும் என்றது. தொங்கும் துணியைப் பட்டை இழுத்துக்கொள்ளும். உணவுப் பாதுகாப்பு விதிகள் (2011) நகத்தை வெட்டச் சொல்வதும் தலைமுடியை மூடச் சொல்வதும் அதுபோலத்தான். வழக்கறிஞரின் கறுப்புக் கோட்டுக்கு இப்படியொரு காரணம் சொல்வது கடினம். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் கீழ் இந்திய பார் கவுன்சில் வகுத்த விதிகள் வேட்டிக்கு இடம் தருகின்றன, ஜீன்ஸுக்குத் தரவில்லை. கோடையில் கீழமை நீதிமன்றங்களில் கோட்டு கட்டாயமில்லை என்ற சலுகையும் உண்டு. மற்றபடி, புழுக்கத்தைத் திட்டிக்கொண்டே வழக்கறிஞர்கள் இன்றும் கோட்டு மாட்டுகிறார்கள்.

2019 மே மாதத் தமிழக அரசாணை, தலைமைச் செயலக ஊழியரில் பெண்களுக்குச் சேலை அல்லது துப்பட்டாவுடன் சுடிதார், ஆண்களுக்குச் சட்டையுடன் பேண்ட் அல்லது வேட்டி என்று வகுத்தது. வேட்டி பெயர் சொல்லி இடம்பெற்றதில் பழைய மனக்குறையும் இருக்கலாம். வேட்டி கட்டிய உயர் நீதிமன்ற நீதிபதி சென்னையில் ஒரு மன்றத்தில் அனுமதிக்கப்படாததால், 2014இல் அதற்கெனத் தனிச் சட்டமே வந்தது.

அரசாணை எதுவும் இல்லாத வேலையுடையும் உண்டு. குன்றாண்டார்கோவில் ஒன்றியம் உள்ளிட்ட புதுக்கோட்டைக் கிராமங்களில் நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள், சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டு கட்டுகிறார்கள். வெயிலுக்கும் முள்ளுக்கும் அதுதான் தோது. சீருடை என்று யாரும் அதைச் சொல்வதில்லை. ஆனால் எந்த அலுவலகத்தையும்விட ஒரே மாதிரியாக இருக்கும்.

தாடிப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தாடி வைத்ததற்காக ஒரு முஸ்லிம் ஊழியரை விமானப்படை நீக்கியது சரி என்றது. படைக்கு ஒரே தோற்றம் தேவை என்பது காரணம். 2024 ஜூலையில், புதுக்கோட்டையையும் தன் எல்லைக்குள் கொண்ட சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வேறு வழியில் போனது. தாடிக்காகத் தண்டிக்கப்பட்ட ஒரு முஸ்லிம் காவலரின் வழக்கில், 1957ஆம் ஆண்டு மெட்ராஸ் போலீஸ் கெஜட் முஸ்லிம் காவலர்கள் திருத்தமான தாடி வைக்க இடம் தந்திருப்பதைச் சுட்டி, தண்டனை ஆணையை நீதிமன்றம் ரத்து செய்தது. புதிய ஆணை பிறப்பிக்கும்படி விவகாரம் மீண்டும் காவல் ஆணையரிடமே அனுப்பப்பட்டது.