மணி அடிப்பதற்கு முன்பே காப்பவர்கள்



ஏப்ரல் 14 நமக்குச் சித்திரைத் திருநாள். தீயணைப்பு நிலையங்களில் அது நீத்தார் நினைவு நாள். 1944-ஆம் ஆண்டு அதே தேதியில் பம்பாய் விக்டோரியா துறையில் நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ கப்பலில் தீப்பிடித்தது. உள்ளே பஞ்சுப் பொதிகளோடு சுமார் 1,400 டன் வெடிபொருளும் இருந்தது. அணைக்கப் போன வீரர்களில் 66 பேர் கப்பல் வெடித்ததில் மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கிறது.

நம்மைப் போன்ற காவிரிப் படுகைச் சிற்றூர்களில் துறைமுகமும் இல்லை, பெரிய ஆலைகளும் இல்லை. ஒரு நிலையம், ஒரு வண்டி, ஒரு நிலைய அலுவலர், சில வீரர்கள், அவ்வளவுதான். கோடையில் கூரை வீடும் வைக்கோல் போரும் எரிந்தால் ஓடுவார்கள். கிணற்றில் விழுந்த மாட்டைக் கயிறு கட்டித் தூக்குவார்கள். வீட்டுக்குள் பாம்பு நுழைந்தாலும், மரத்தில் கதண்டு கூடு கட்டினாலும் அவர்களைத்தான் கூப்பிடுகிறோம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போட்ட மரங்களை அறுத்துச் சாலையைத் திறந்தவர்களில் அவர்களும் உண்டு. ‘தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை’ என்ற பெயர் சும்மா வைத்ததல்ல.

ஆனால் அவர்கள் ஓடி வந்தும் காப்பாற்ற முடியாமல் போன தீ விபத்துகளும் நம் பக்கத்து வரலாற்றில் இருக்கின்றன. ஏழெட்டு ஆண்டுக்குள் நடந்த நான்கை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

1997 ஜூன் 7: தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. தீயிலும் நெரிசலிலும் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

2001 ஆகஸ்ட் 6: இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கொட்டகையில் மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். விடியற்காலைத் தீயில் 28 பேர் இறந்தார்கள்.

2004 ஜனவரி 23: ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் எரிந்தது. மணமகன் உள்பட 50 பேர் அளவில் இறந்தார்கள்.

2004 ஜூலை 16: கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சத்துணவுச் சமையற்கூடத்தில் பிடித்த தீ வகுப்பறைக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம்.

கோயில், காப்பகம், கல்யாணம், பள்ளி. இடங்கள் வேறு வேறு. ஆனால் நான்கிலும் இரண்டு பொது அம்சங்கள் உண்டு. ஒன்று, தலைக்கு மேல் காய்ந்த கீற்று. மற்றொன்று, எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேற முடியாத நிலை.

காய்ந்த தென்னங்கீற்றில் பிடித்த தீ சில நிமிடங்களில் கூரை முழுவதும் பரவிவிடும். எரிந்த கீற்றும் மூங்கிலும் கீழே இருப்பவர்கள் தலையில் விழும். யாராவது போன் செய்து, நிலையத்தில் மணி அடித்து, வீரர்கள் வண்டியேறி, கடைத்தெரு நெரிசலைத் தாண்டி வருவதற்குள் கூரை இருக்காது. வண்டியில் வருவதும் சில ஆயிரம் லிட்டர் தண்ணீர்தான். முழு வேகத்தில் பீய்ச்சினால் சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு குளத்தையோ வாய்க்காலையோ தேட வேண்டும். வீரர்களின் துணிச்சலில் குறை ஏதுமில்லை. நேரம்தான் அவர்கள் கையில் இல்லை.

ஆகவே ஒரு தீயணைப்பு நிலையம் ஊரைக் காப்பது பெரும்பாலும் மணி அடிப்பதற்கு முன்புதான் என்பது என் கருத்து. கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. தனியார் பள்ளி அங்கீகாரத்துக்குக் கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று இவற்றோடு தீயணைப்புத் துறைச் சான்றும் கேட்கிறார்கள். பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் குழந்தையின் கல்வி உரிமையில் அடங்கும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்புக்குப் பின்னாலும் கும்பகோணத்துக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

அதன் பிறகு வந்த ஆண்டுகளில் நான் வேலை பார்த்த பள்ளிக்கும் வீரர்கள் வந்து செய்முறை காட்டினார்கள். உடையில் தீப்பற்றினால் ஓடாதே, தரையில் படுத்து உருள் என்றார்கள். புகைக்குள் நிமிர்ந்து நடக்காதே, குனிந்து தவழ்ந்து வா என்றார்கள். எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றாதே, மூடியால் மூடு என்றார்கள். உங்களில் பலர் அன்று மைதானத்து மண்ணில் உருண்டு சிரித்தவர்கள். அது விளையாட்டாகவே மனத்தில் பதிந்தது நல்லதுதான். ஆபத்து வந்தால் யோசிக்க நேரம் இருக்காது, உடம்பே செய்ய வேண்டும்.

இன்று உங்களில் சிலர் பள்ளி நடத்துகிறீர்கள். சிலருக்கு மண்டபம், ஜவுளிக்கடை, மருத்துவமனை இருக்கிறது. நிலைய அலுவலர் ஆய்வுக்கு வந்து, ‘மாடிப்படியில் அடுக்கிய அட்டைப்பெட்டிகளை எடுங்கள், பின்வாசல் பூட்டைத் திறந்து வையுங்கள்’ என்றால் அதைத் தொந்தரவாக நினைக்காதீர்கள். சிபாரிசு பிடித்துச் சான்று வாங்காதீர்கள். அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டுவதைவிட அதில் சொன்னபடி செய்வதுதான் முக்கியம்.

பெற்றோராக இருப்பவர்கள், பிள்ளை படிக்கும் பள்ளியில் இரண்டாவது வழி எங்கே என்று ஒருமுறை கேளுங்கள். அது திறந்திருக்கிறதா என்றும் போய்ப் பாருங்கள்.

தீ என்றால் 101, எந்த அவசரத்துக்கும் 112. வீட்டில் பெரியவர்களுக்கும் சின்னவர்களுக்கும் சொல்லி வையுங்கள். சிவப்பு வண்டி மணியடித்து வந்தால் ஒதுங்கி வழி விடுங்கள்.