ஒற்று

ஒற்றுதல் என்றால் மெல்லத் தொட்டு அழுத்துதல். கோவில்பட்டிக் கரிசல் காட்டில் காலில் சுளுக்கென்றால் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார்கள். ஒற்றடத்தின் பேச்சு வடிவம் அது. கண்ணீரை ஒற்றி எடுப்பதும் அதே வினைதான். ஆளோடு ஆளாக ஒட்டி நின்று சேதி அறிபவன் ஒற்றன். அவன் வேலையும் ஒற்று.

திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். துறவி வேடத்தில், புகுதற்கரிய இடத்திலும் புகுந்து, என்ன செய்தாலும் தளராதவனே ஒற்றன் என்கிறது 586ஆம் குறள். வீட்டுக் கணினியில் நுழையும் உளவு மென்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான வரையறையை நான் பார்த்ததில்லை. இலவச பிடிஎஃப் மாற்றி, உலாவி நீட்சி என்று உதவிசெய்யும் வேடத்தில்தான் அது பெரும்பாலும் வருகிறது. நீக்கினாலும், விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒளித்துவைத்த ஒரு கட்டளை மறுநாளே அதைத் திரும்ப இறக்கிவிடலாம்.

ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறது 588ஆம் குறள். இங்கேயும் அதுதான் வழி. இணையத்தைத் துண்டித்துவிட்டு மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். விண்டோஸ் முழுதாக எழும் முன்பே அது தேடுவதால், ஒளிந்திருப்பது தப்புவது கடினம். பிறகு வேறொரு நிறுவனத்தின் ஸ்கேனர். அதன் பின்னும் தானாகத் தொடங்கும் நிரல்களையும் நீட்சிகளையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும். வங்கிக் கடவுச்சொல்லை மட்டும் வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். விசைப்பலகையில் அழுத்தும் ஒவ்வோர் எழுத்தையும் பதிந்து அனுப்பும் வகையும் உளவு மென்பொருளில் உண்டு.